செம்பூரான்கல் மண்ணில் வீட்டுத் தோட்டம்

மலாக்காப் பட்டணத்துக்கு வரும் யாத்திரிகர்கள் முன்னின்று படமெடுத்துக்கொள்ளும் பழைய போர்த்துக்கீசியக் கோட்டை வாயிலை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு, அதன் சுவர் துளை துளையாகப் புரையோடித் துருவின் நிறங்கொண்ட செம்பூரான்கல்லால் ஆனது என்பது தெரிந்திருக்கும். 1511ஆம் ஆண்டில் இவ்வூரைப் பிடித்தவர்கள் கோட்டைக்கு ஏற்றதென்று கண்ட அந்தப் பொருளே, ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் நம்மவர் வீட்டுப் புழைக்கடைகள் பலவற்றிலும் மண்வெட்டி ஒரு சாண் இறங்கியவுடன் ணங்கென்று தட்டுகிறது. மண்ணியல் அறிஞர்கள் இந்தச் சரளைச் செம்மண் வகைக்கு மலாக்கா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இயற்கை உரத்தைக் கொண்டு வீட்டிலேயே காய்கறி விளைவிக்கும் முறையைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுவதும் இந்த மண்ணிலே பிறந்ததாகையால், அம்முறையின் குணதோஷங்களுக்குப் போகுமுன் மண்ணைச் சொல்லிவிட்டேன்.

இம்முறை நமக்குப் புதியதன்று. டான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பின்னர் அசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்த காலந்தொட்டு, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து பால்மரம் வெட்டியவர்கள், இருட்டோடு பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் வெயில் ஏறித் திரும்பிய பிறகு எஞ்சிய மாலைப் பொழுதில் தாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி, ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த விதைகளை ஊன்றி, மாட்டுச் சாணத்தையும் அடுப்புச் சாம்பலையும் இட்டுக் கீரையும் வெண்டையும் புடலையும் எடுத்தார்கள். பால் பிடித்து விரிசல் விட்ட மங்குகளில் என் தாயார் மிளகாய் நாற்று விட்டு, அவற்றை வாசற்படியோரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அற்றுப்போன வருஷங்களில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தன. 1974இல் அரசாங்கமே பச்சைப் புத்தகத் திட்டம் என்ற பெயரில் வீடுதோறும் பயிரிடச் சொல்லிற்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டுக்குள் அடைபட்டபோது, தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டைகளின் வீடுகளில்கூட வாளியிலும் பெயிண்ட் டின்னிலும் கீரை முளைத்தது.

இதன் சிறப்புகளில் தலையாயது எது என்று கேட்டால், ருசியையோ சிக்கனத்தையோ நான் முதலிற் சொல்ல மாட்டேன். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் மருந்து அடிக்கிற வேலை பெரும்பாலும் நம் பெண்கள் தலையில் விழுந்தது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முதுகில் சுமந்து, கையுறையும் முகமூடியும் சரிவர இன்றி, நாள் முழுதும் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் அவர்கள். தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுடைய கண்ணெரிச்சலையும் தோல் நோயையும் மூச்சுத் திணறலையும் உலகறிய வைத்தது. அதே ஆண்டில் தடை செய்யப்பட்ட அந்த மருந்துக்கு 2006இல் மீண்டும் வாசல் திறந்துவிட்டார்கள். 2020 ஜனவரி முதல் தேதியில்தான் அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அப்படி உழைத்த ஒரு தாய், தன் பேரப்பிள்ளை உண்ணும் கீரையிலாவது மருந்து படக்கூடாது என்று எண்ணுவாளானால், அந்த எண்ணத்துக்கு மேற்பட்ட நியாயம் ஒன்று இம்முறைக்கு வேண்டியதில்லை.

மண்ணைக் காக்கும் குணம் அடுத்தது. தோட்ட நிர்வாகங்கள் தொடக்க காலத்தில் ஒரு புல்லும் நிற்காமல் சுரண்டிச் சுத்தஞ்செய்து, மேல்மண்ணை மழைக்கு வாரிக் கொடுத்துவிட்டு, நஷ்டம் கண்ட பின்னரே அவரையினக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிடக் கற்றன. சருகையும் வாழைமட்டையையும் கொண்டு பாத்தியை மூடிவைக்கிற இயற்கைத் தோட்டக்காரர் அதே பாடத்தைச் சிறிய அளவிற் செய்கிறார்.

குறை எங்கே நுழைகிறதென்றால், இம்முறை நம்மிடம் ஒரு மருந்துப் பட்டியலாக வந்து சேர்ந்திருப்பதில்தான். தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பரப்பிய கொள்கையும், கொடுமுடி மருத்துவர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யமும், மீனையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலமும் கடல் தாண்டி நம்மிடம் வந்துவிட்டன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இவற்றைத் தமிழிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கும் இல்லத்தரசிகளுக்கும் கற்பித்து வருவது பாராட்டத்தக்கது. ஆயினும் மழை குறைந்து சுண்ணாம்பு மிகுந்த நிலங்கள் பரந்து கிடக்கும் ஒரு நாட்டின் அனுபவத்தில் விளைந்த உபாயங்களை, ஓயாத மழையில் சுண்ணாம்பெல்லாம் கரைந்தோடிப் புளித்துப்போன நம் மண்ணில் அப்படியே பிரயோகிப்பது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று யோசிப்பவர்கள் சிலரே.

என் பாத்தியில் கத்தரி மூன்று மாதம் முழங்காலுக்கு மேல் எழும்பாமல் நின்றது. வாரந்தோறும் பஞ்சகவ்யம் தெளித்தும் பயனின்றிப் போகவே, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் யாரோ கத்தரித்துவிட்டாற்போலக் குட்டையாய், முனை தடித்துப் பழுப்பேறிக் கிடந்தன. புளித்த மண்ணில் கரைந்து நிற்கும் அலுமினியம் வேர்முனையைக் கருக்கிவிடும். மணிச்சத்தும் செடிக்கு எட்டாமல் மண்ணிலேயே பூட்டப்பட்டுவிடும். அதற்குப் பரிகாரம் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி சுண்ணாம்புக்கல் தூள். அதுவும் பாறையிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பொருளே. முட்டை ஓட்டை உடைத்துப் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். மாவாக அரைத்தாலொழிய அது வருஷக்கணக்கில் ஓடாகவே கிடக்கும். சுண்ணாம்பு இட்ட மறு பருவத்தில் கத்தரி காய்த்தது. காய்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு செடிகள் பட்டப்பகலில் பச்சை இலையோடு துவண்டன. தண்டை அறுத்து ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினேன். சற்று நேரத்தில் அறுபட்ட முனையிலிருந்து பால்போல் வெண்மையான இழை ஒன்று நீரில் இறங்கிற்று. அதுதான் பாக்டீரியா வாடல் நோயின் அடையாளம். அதற்கு எந்தக் கரைசலும் மருந்தாகாது. சுண்டைக்காய்ச் செடியின் வேர்த்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுவதே வழி.

இயற்கையானது எதுவோ அது தீங்கற்றது என்னும் நம்பிக்கை இன்னொரு பெருந்தோஷம். இந்த நாட்டுக் காட்டில் விளைந்து, யுத்தத்துக்கு முன் பூச்சிக்கொல்லிக்கென்று வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான தூபா வேர், மீனுக்குக் கடும் விஷம். அதன் சாரமான ரோட்டினோனுக்கும் நடுக்குவாத நோய்க்கும் தொடர்பிருப்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் சுட்டின. புகையிலைக் கஷாயமும் விஷமே. மட்காத கோழி எருவைப் பச்சையாக உண்ணும் இலைகளுக்கு இடுவது ஈயையும் நோயையும் வீட்டுக்குள் அழைப்பதாகும். தேங்கிய நீர் கிடக்கும் பூந்தட்டும் வாளியும் ஏடிஸ் கொசுவின் தொட்டில்கள். 2019இல் இந்நாட்டில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு டிங்கி கண்டதை எண்ணினால், வாரம் ஒரு முறை தட்டுகளைக் கவிழ்க்காத தோட்டக்காரர் அண்டை வீட்டாருக்குப் பாதகஞ்செய்கிறார் என்றே சொல்வேன்.

இம்முறையால் குடும்பத்தின் உணவு முழுவதையும் விளைவித்துவிடலாம் என்பாரும் உளர். ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் இருபத்துமூன்று கிலோ தழைச்சத்து உண்டு. அந்த அளவை மாட்டெருவிலிருந்து பெறுவதற்கு நாலரை டன் எரு வேண்டும். நாலைந்து பாத்திகளுக்கு இந்தக் கணக்குத் தடையாகாது; பெருவிவசாயத்துக்கு அதையே தீர்வாகச் சொல்லும்போதுதான் இடிக்கிறது. தண்ணீரும் எப்போதும் தாராளமாய்க் கிடைப்பதன்று. 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா தவித்த நாட்களில் குடிக்கவே நீர் பங்கிடப்பட்டதை மறக்கலாகாது. வீட்டுத் தோட்டத்தால் நிச்சயமாகக் கைகூடுவது கீரை, கறிவேப்பிலை, வெண்டை, மிளகாய், விரலளவு பிஞ்சிலேயே காகிதம் சுற்றிப் பழ ஈயிடமிருந்து காப்பாற்றிய பாகற்காய் ஆகியவை. அவ்வளவே போதுமான பிரயோஜனம்.

ஆனால் இத்தனை குணதோஷங்களையும் ஆராய்வதற்கு மண் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்த பாத்தியும் மாட்டுக் கொட்டகையும் கூட வரவில்லை. மலிவு வீட்டின் பின்புறத்தில் மிஞ்சும் சில அடி நிலத்தையும் துணி துவைக்கவும் மழையில் வழுக்காதிருக்கவும் சிமெண்டு போட்டு மூடிவிடுகிறோம்; பிறகு பையில் அடைத்த மண்ணைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்து தொட்டியில் கொட்டுகிறோம். இயற்கைத் தோட்டத்தின் மீது எனக்குள்ள குறைகள் அனைத்திலும் கனமானது இதுதான், இது அந்த முறையின் குறையுமன்று.

புதிதாகத் தாமான் வீடு வாங்கியிருக்கும் நண்பர்களே, பின்கட்டில் சிமெண்டு ஊற்றக் கொத்தனார் வரும்போது, சுவரோரமாக மூன்றடி அகல மண்ணை விட்டுவிடும்படி அவரிடம் சொல்லுங்கள். அந்த மண்ணில் முதலிற் சுண்ணாம்புத் தூளும், பிறகு மட்கும், கடைசியில் விதையும் இடுங்கள்.