அச்சம் யாருடைய மெய்ப்பாடு?

'ஆம்பளை மூளை வேற, பொம்பளை மூளை வேற' என்கிற பேச்சு டீக்கடையிலிருந்து ஞாயிறு இணைப்பு வரை ஒரே குரலில் ஒலிக்கிறது. முன்பு இதற்கு மனு தேவைப்பட்டார். இப்போது சுரப்பி போதும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது (அவர்களில் பெண்களும் உண்டு), 'ஆம்பளை டென்ஷனைக் குடிச்சுத் தீர்ப்பான், பொம்பளை அழுது தீர்ப்பா, எல்லாம் ஹார்மோன்' என்று படித்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். கருணாபுரத்துச் சாவுகளின் வேதியியலைச் சாராயத்தில் தேடாமல் மூளையில் தேடுகிற இந்த வாசிப்பை என்னத்தச் சொல்ல!

அதற்காக வேறுபாடே இல்லையென்று கதவைச் சாத்திக்கொள்வதும் உதவாது. ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்ற கருத்தை வால்டர் கேனன் 1915இல் முன்வைத்தார். பின்னால் வந்த சோதனைகளில் பெரும்பாலும் ஆண் எலிகள், ஆண் மனிதர்கள். 2000இல் ஷெல்லி டெய்லரும் சகாக்களும் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள்: பெண்கள் குழந்தையை அணைத்துக்கொள்கிறார்கள், மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள், இதில் ஆக்ஸிடோசினுக்குப் பங்குண்டு என்றார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வலி வரப் போடும் ஊசி மருந்தும் அதுதான். 2006இல் வாசோபிரசினை மூக்கில் செலுத்திப் பார்த்த ஓர் ஆய்வில், அறிமுகமற்ற ஆண்முகத்தைக் கண்ட ஆண்களின் முகத்தசை பகைமையாகச் சுருங்கியது. அறிமுகமற்ற பெண்முகத்தைக் கண்ட பெண்களுக்கோ சிநேகபாவம் வந்தது. இதோடு மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அதே மருந்து பதற்றத்தைக் கூட்டியதாகவும் அந்த ஆய்வே சொல்கிறது. ஒரே பதற்றம், இரண்டு முகம்.

கலிபோர்னியா சுண்டெலி கதை இன்னும் சுவாரசியமானது. இந்த இனத்தில் பெண்ணும் தன் இடத்துக்காகச் சண்டை போடும். அதனால்தான் சோதனைக்கு அதைத் தேர்ந்தார்கள். அடிபட்ட பெண் எலி பிறகு அந்நிய எலிகளை நெருங்குவதில்லை. அடிபட்ட ஆணிடம் இந்த ஒதுக்கம் தெரியவில்லை. 2018இல் வந்த ஆய்வில், மூளையின் ஒரு பகுதியில் ஆக்ஸிடோசின் வேலைசெய்யாமல் தடுத்ததும் பெண் எலி மறுபடி நெருங்கிப் போனது. 'அன்புச் சுரப்பி' என்று கொண்டாடப்படுவதே இங்கே ஒதுங்கச் செய்கிறது! ஆக வேறுபாடு உண்டு. ஆனால் அடி விழுந்த பிறகுதான் அது இந்த வடிவம் கொள்கிறது. எலியிலிருந்து மனிதருக்கு நேர்ப்பாதை கிடையாது என்பதும் சரிதான்.

தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் பழகிய இடமாகத்தான் படுகிறது. தொல்காப்பியத்தின் களவியல் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு எழுதிவைக்கிறது. பெருமையும் வலிமையும் ஆணுக்கு. அதே நூலின் மெய்ப்பாட்டியலோ அச்சம் எதிலிருந்து பிறக்கிறது என்று கேட்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு காரணம் சொல்கிறது. அங்கே ஆண் பெண் பேச்சில்லை. இறை என்றால் அரசனும்தான். ஞாயிறு இணைப்பின் விஞ்ஞானம் களவியலோடு நின்றுவிட்டது.

கல்வராயனை அடுத்த சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. கல்வராயனில் வாழும் அதே மலையாளிப் பழங்குடிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தபோது ஆண்கள் பலர் மலைக்குள் ஓடிவிட்டிருந்தார்கள். அகப்பட்டது பெண்களும் குழந்தைகளும் வயசாளிகளும். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் டெய்லர் சொன்னபடியே: அவன் ஓடினான், அவள் பிள்ளையோடு நின்றாள். இப்படி வாசித்தால் அரசு பிரதியிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. காக்கி வந்தால் முதலில் எவனைப் பிடிக்கும், யாரை விட்டுவிடும் என்று மலைக்காரர்களிடம் ஒரு கணக்கு இருக்கும். பட்டுத் தெரிந்த கணக்கு அது. அன்றைக்குப் பொய்த்தது அந்தக் கணக்கு.

பிறகு அந்தப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்; விசாரணை முடிவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை விதித்தது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சண்டையா, ஓட்டமா, அணைப்பா? நிமிஷங்களில் அளக்கிற ஆய்வுக்கூடம் இந்த 31 வருஷத்தை எந்தச் சுரப்பியின் பெயரில் எழுதும்?