ஒரே இலக்கம், இரண்டு சட்டங்கள்: ஒரு தமிழாசிரியரின் வாசிப்பு

கணினியும் கைபேசியும் சம்பந்தப்பட்ட இரண்டு சட்டங்கள் நம்மட நாட்டில் ஒரே இலக்கத்தோடு இருக்கின்றன. ஒன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். மற்றது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். நம்மைப் பற்றிய விபரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அரச திணைக்களங்களையும் வங்கிகளையும் கம்பனிகளையும் முதலாவது கட்டுப்படுத்துகிறது. இணையத்தில் எழுதுகிற நம்மை இரண்டாவது கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது சட்டம் 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறி, பெப்ரவரி 1இல் சபாநாயகர் கையொப்பமிட்டதோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. முதலாவதின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18இல் அமுலுக்கு வரவேண்டியிருந்தன. திருத்தம் வேண்டும் என்று சொல்லி அந்தத் திகதிக்கு முன்னரே அவற்றை ஒத்திவைத்தார்கள். பேசுகிறவனைப் பிடிக்கும் சட்டம் ஓடி வந்தது; பேசுகிறவனின் விபரத்தைக் காக்கும் சட்டம் வாசலிலேயே நின்றது. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

சட்டத்தைப் பற்றி எழுதச் சட்டத்தரணிகள் இருக்கிறார்களே, தமிழ் படிப்பிக்கிற வாத்தியாருக்கு இதில என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். வேலை இருக்கிறது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் முழுக்க வாசிப்பைப் பற்றிய சட்டம். இந்த வாக்கியத்தின் பொருள் என்ன? அது உண்மையா? எழுதியவரின் நோக்கம் என்ன? யாருடைய மனம் புண்பட்டது? இந்த நான்கு கேள்விகளும் இலக்கிய விமர்சனத்தின் கேள்விகள். ஒரு குறளுக்குப் பரிமேலழகர் ஒரு பொருள் சொல்வார், மணக்குடவர் இன்னொன்று சொல்வார். இரண்டையும் மாணவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் அடுத்த குறளுக்குப் போகிறோம். அங்கே பிழையான வாசிப்பால் எவரும் மறியலுக்குப் போவதில்லை. இந்தச் சட்டத்தில் போவார்கள்.

சொற்களைப் பார்ப்போம்

முதலில் பெயர். 'நிகழ்நிலை' என்ற சொல்லை எங்கட பக்கத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'ஒன்லைன்' என்றுதான் சொல்கிறோம். கலைச்சொல் புதிதாக இருப்பது குற்றமில்லை. ஆனால் நம்மட சட்டங்கள் எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு வாசகம் உண்டு: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஆகவே இச்சட்டத்தைத் தமிழில் எவ்வளவு நுணுக்கமாக வாசித்தாலும் அது முடிந்த முடிவல்ல. நாம் தமிழில் எழுதியதும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் வாசிக்கப்படும்.

அடுத்தது 'பொய்யான கூற்று'. எழுதியவர் பொய்யென்று அறிந்து அல்லது நம்பி, குறிப்பாக ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னதே பொய்யான கூற்று என்கிறது சட்டம். நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயம் இதில் அடங்காது என்றும் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் எதை நம்பினார், அவர் எண்ணம் நல்லதா கெட்டதா என்பதை யார் கண்டுபிடிப்பது? முதல் தீர்ப்பை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு சொல்லும். அரசியலமைப்புச் சபையின் அங்கீகாரம் வேண்டும் என்பது ஒரு சின்னத் தடுப்பு மட்டுமே. விசாரணைக்குப் பொலிஸாருக்கு உதவ வெளியிலிருந்து நிபுணர்களை நியமிக்கவும் இடமிருக்கிறது.

12ஆம் பிரிவு தேசியப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு அச்சுறுத்தலான பொய்யைப் பற்றியது. வெவ்வேறு வகுப்பினரிடையே கெட்டெண்ணத்தையும் பகைமையையும் வளர்க்கும் பொய்யும் அதில் அடங்கும். தண்டனை ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். கெட்டெண்ணம், பகைமை என்ற இந்தச் சோடிச் சொற்கள் புதியவை அல்ல. வெள்ளைக்காரன் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், அரசுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 120ஆம் பிரிவில் இதே சோடி இருக்கிறது. குடியேற்ற ஆட்சிக்காரர் உள்ளூர்ச் சனங்களை அடக்க எழுதிய சொற்றொடர் இப்போது கைபேசிக்குள் வந்திருக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். சிறுவர் துஷ்பிரயோகம், ஒருவரைத் துன்புறுத்துவதற்காக அவரது அந்தரங்க விபரங்களைப் பரப்புவது போன்றவற்றையும் இச்சட்டம் குற்றமாக்குகிறது. பெண்பிள்ளைகளின் படங்களை வைத்து மிரட்டுகிறவர்களைக் கண்ட எந்த ஆசிரியரும் அவற்றை வேண்டாமென்று சொல்லமாட்டார். அப்படியான விடயங்களும் அபிப்பிராயமும் ஒரே சாக்கில் கட்டப்பட்டிருப்பதே பிரச்சினை. சட்டமூலத்தின் 31 பிரிவுகளைத் திருத்தாவிட்டால் விசேட பெரும்பான்மை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதே இதற்குச் சாட்சி.

பொய்யால் எரிந்தவர்கள் நாம்

இணையப் பொய்க்கு எதிராக ஒரு சட்டம் வேண்டும் என்று நம்மவர் பலர் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீரமுனையிலிருந்து அம்பாறை நகரம் தூரமில்லை. அங்கே 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கிளம்பியது. கடையில் நின்றவரைச் சுற்றி நின்று கேட்க, சிங்களம் சரியாக விளங்காத அவர் தலையாட்டிய மாதிரி ஒரு வீடியோ பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கறிக்குள் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. அதற்கிடையில் திகன எரிந்துவிட்டது. மார்ச் 7இல் அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 2018 கலவரத்தில் தன் தளத்தின் பங்குக்காக பேஸ்புக் கம்பனி மன்னிப்புக் கேட்க 2020 மே வரை சென்றது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை வாசித்து அகற்றப் போதிய ஆட்களை அது வைத்திருக்கவில்லை.

ஆனால் வதந்தி கைபேசியோடு பிறந்ததில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்களும் கொல்லப்பட்ட காலத்தில் இங்கே இணையம் இல்லை. 2019 மேயில் குருநாகல் டொக்டர் ஷாபி மீதான மலட்டுச் சிகிச்சைக் கதையைத் தொடக்கிவைத்தது அச்சடித்த பத்திரிகை. 2019 மே 13இல் சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்ட நாளில்தான் மினுவாங்கொடை எரிந்தது. நம்மைக் காப்பாற்ற என்று திருகிய அதே ஆளியை 2022 ஏப்ரல் 3இல் அரசு தன்னை எதிர்த்து வீதிக்கு இறங்கிய மக்களுக்கு எதிராகத் திருகியது.

நம்மை வாசித்த விதம்

சட்டம் இல்லாததால்தான் நாம் பாதிக்கப்பட்டோம் என்று சொல்லமுடியாது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்கிறது. உரிமை காக்க வந்த அந்தச் சட்டம் எப்படி வாசித்தது என்று பாருங்கள்.

2019 மேயில் ஹசலகையில் ஒரு முஸ்லிம் பெண் தன் உடுப்பில் இருந்த படத்துக்காகக் கைதானார். அது தர்மச் சக்கரம் என்றார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம். ஒரு படத்தைப் பிழையாக வாசித்ததற்கு அவர் மறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச ஊழியரான ரம்சி ராசிக், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்குப் பேனாவாலும் தட்டச்சாலும் சிந்தனை ஜிஹாத் செய்யவேண்டும் என்று முகநூலில் எழுதினார். உருவகம் என்றால் என்ன என்று நாம் சாதாரண தரத்திலேயே படிப்பிக்கிறோம். ஆனால் 'பேனா' கண்ணில் படவில்லை, 'ஜிஹாத்' மட்டும் பட்டது. ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அந்தக் கைது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆகியது. இது நமக்கு மட்டும் நடந்ததுமில்லை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019இல் இதே சட்டத்தின் கீழ் நான்கு மாதம் அடைக்கப்பட்டார்.

இவற்றோடு கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கையும் வைத்துப் பார்க்கவேண்டும். அவர் ஒரு தமிழாசிரியர். 'நவரசம்' என்ற அவரது கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்று 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் தடுப்பில் இருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். தமிழ் தெரிந்தவர்கள் ஒரு மாலைப் பொழுதில் வாசித்து முடிவுசொல்லக்கூடிய கவிதைகளுக்கு அரசு மூன்றரை வருஷம் எடுத்தது.

இப்போது 12ஆம் பிரிவின் 'பொதுச் சுகாதாரம்' என்ற சொல்லை எடுப்போம். 2020 ஏப்ரலில் கொரோனா ஜனாஸாக்களை எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பது அப்போது அரசின் உண்மை. அடக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2021 பெப்ரவரி கடைசியில்தான் தடை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இந்த நிகழ்நிலைச் சட்டம் 2020இல் இருந்திருந்தால், அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்று எழுதிய ஒவ்வொருவரும் பொதுச் சுகாதாரத்துக்கு எதிராகப் பொய் பரப்பியவராக நிறுத்தப்பட்டிருக்கலாம். அரசு நான்கு வருஷம் கழித்து ஒப்புக்கொண்ட உண்மையை அவர்கள் முதல் மாதமே சொன்னவர்கள்.

காத்திருக்கும் சட்டம்

இனி ஒத்திவைத்த சட்டத்துக்கு வருவோம். நம்மட தேசிய அடையாள அட்டை இலக்கம் சும்மா ஒரு நம்பர் அல்ல. பிறந்த வருஷமும், அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பதும் அதில் இருக்கின்றன. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த அட்டையின் போட்டோப் பிரதியை சிம் கார்டுக்கும் நகை அடகுக்கும் நாம் கணக்கில்லாமல் கொடுத்திருக்கிறோம். அது எந்த லாச்சியில் கிடக்கிறது என்று கேட்க நமக்கு ஒரு வழி வேண்டும். 2022ஆம் ஆண்டின் சட்டம் அந்த வழியைத் தருகிறது. மதம், இனம், அரசியல் கருத்து, சுகாதாரம், உடல் அடையாளம் ஆகியவற்றை விசேட பாதுகாப்புக்குரிய தரவுகள் என்கிறது. பெயரைச் சொன்னாலே மதம் தெரிந்துவிடும் ஒரு சமூகத்துக்கு இதன் பெறுமதி விளங்கும்.

கைரேகை, கண், முகம் எல்லாம் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியோடு நடக்கிறது. அந்த இந்தியாவில், ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். நம்மட அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கு ஓர் உறுப்புரை இல்லை. அதனால்தான் இந்தச் சாதாரண சட்டம் நமக்கு இவ்வளவு முக்கியமாகிறது. பூட்டு வருமுன் பெட்டியை நிரப்புவது சரியான வரிசை அல்ல.

அரசை மட்டும் கேட்டுவிட்டு எழும்பிவிட முடியாது. சூரா அல்-ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அதே சூராவின் 12ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவுவதைத் தடுக்கிறது. நாம் முதலாவதைக் குத்பாவில் அடிக்கடி கேட்கிறோம்; இரண்டாவதை அந்த அளவுக்குக் கேட்பதில்லை. றமழானில் உலருணவுப் பொதி வாங்கும் ஏழைப் பெண்ணின் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடுகிறோம். ஸகாத் பட்டியலும், பரீட்சையில் தவறிய பிள்ளையின் பெயரும், யாருடைய மருத்துவ றிப்போட்டும் வட்ஸ்அப் குழுவில் சுற்றுகின்றன. இதற்கு எந்த ஆணைக்குழுவும் வரத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒரு கூட்டத்தில் தீர்மானம் எடுத்து நிறுத்தலாம்.

அரசிடம் கேட்கவேண்டியவை மூன்று. 2022ஆம் ஆண்டின் சட்டம் முழுமையாக அமுலாகும் வரை உடல் அடையாளத் தரவு சேகரிப்பது நிற்கவேண்டும். எது பொய், எது நல்லெண்ணம் என்பதை ஆணைக்குழுவிடமிருந்து எடுத்து நீதிமன்றத்திடம் கொடுக்கவேண்டும். தமிழில் எழுதப்பட்ட ஒன்றுக்காக ஒருவரைக் கைதுசெய்ய முன்னர், அது தமிழ் அறிந்தவர்களால் முழுமையாக வாசிக்கப்படவேண்டும். மூன்றாவதை ஒரு சலுகையாகக் கேட்கவில்லை. ஒரு பிரதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமுன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதன் மொழியில் வாசிக்கவேண்டும் என்பதை உயர்தர வகுப்பு மாணவரிடம் கூட நாம் கட்டாயமாக எதிர்பார்க்கிறோம்.