சாண்ட்லர் அடக்கி வாசித்த ஆட்டம்

1999ஆம் ஆண்டின் மிக மோசமான நடிகர் என்று ராஸி விருதுக் குழு ஆடம் சாண்ட்லரைத் தேர்ந்தெடுத்தது. படம் 'பிக் டாடி'. அமெரிக்காவில் மட்டும் 16 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் அது. வசூலை வைத்து நடிப்பை எடைபோட முடியாது, சரிதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு தவறு என்றே இன்றும் சொல்வேன். அதுவரை தான் ஆடாத ஓர் ஆட்டத்தை சாண்ட்லர் அந்தப் படத்தில்தான் ஆடிப் பார்த்தார்.

அவருடைய பழைய பாணி நமக்குத் தெரிந்ததுதான். 'ஹாப்பி கில்மோர்' படத்தில் கோல்ஃப் மைதானத்தில் கைகலப்பில் இறங்கும் முன்கோபி. 'தி வாட்டர்பாய்' படத்தில் அம்மாவின் முந்தானையை விடாத அப்பாவி. இரண்டிலும் வளர்ந்த உடம்புக்குள் ஒரு சிறுவன். கோணல் குரல், திடீர்க் கத்தல்.

'பிக் டாடி'யின் சானி கூஃபாக்ஸும் அதே ரகம்தான். சட்டம் படித்தவன், வாரத்தில் ஒரு நாள் சுங்கச்சாவடியில் வேலை. டாக்ஸி காலில் ஏறியதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் காலம் தள்ளுகிறான். அறைத்தோழன் கெவினின் மகன் என்று ஐந்து வயது ஜூலியன் வாசலில் வந்து நிற்கும்போது, கெவின் சீனாவில் இருக்கிறான். விட்டுப்போன காதலியிடம் தன்னைப் பொறுப்பானவனாகக் காட்டிக்கொள்ள, பையனை வைத்துக்கொள்கிறான் சானி.

ஆட்டம் மாறுவது இங்கேதான். திரையில் உண்மையான குழந்தை இருக்கிறது. குழந்தைத்தனம் காட்டும் இடம் சாண்ட்லருக்கு இனிக் காலியில்லை. முதல் பாதியில் அவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பூங்காவில் சறுக்கி வருபவர்களைக் குச்சி போட்டு விழவைப்பதும், பையன் நனைத்த படுக்கையின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடுவதும் இரண்டு சிறுவர்களின் கூத்து. சிரிப்பு வருகிறது, ஆனால் இந்தப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. பெண் பாத்திரங்களை வைத்துச் செய்யும் கேலிகள் அன்றே மலிவானவை.

பள்ளியில் ஆசிரியை ஜூலியனைப் பற்றிப் புகார் சொன்ன பிறகு சாண்ட்லர் ஆட்டத்தை மாற்றுகிறார். கிரிக்கெட்டில் அடித்து ஆடிப் பழகியவர் ஒற்றை ரன் எடுத்து எதிர்முனைக்கு ஓடுவதைப் போல, காட்சியைப் பையன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். குரல் இறங்குகிறது. பையன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். டிலன், கோல் ஸ்ப்ரவுஸ் என்ற இரட்டையர் மாறி மாறி நடித்த பாத்திரம் ஜூலியன். அவர்களிடம் நடிப்புப் பயிற்சியின் மெருகு இல்லை. முகத்தில் அந்த நொடி என்ன தோன்றுகிறதோ அதுதான் கிடைக்கும். அப்படிப்பட்ட துணையோடு ஆடுபவர் முன்கூட்டியே தயாரித்த சேட்டையை நம்ப முடியாது, கேட்டுப் பதில் சொல்லத்தான் முடியும். மூன்றே ஆண்டுகளில் 'பஞ்ச்-டிரங்க் லவ்' படத்தில் எல்லோரும் வியந்த சாண்ட்லரின் தொடக்கம் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பையன் யாரிடம் இருப்பது என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போகிறது. அந்தக் காட்சியின் சட்டம் எந்த வழக்கறிஞரையும் தலையில் கைவைக்கச் செய்யும். நடிப்பு அப்படியல்ல. தனக்குத் தானே சாட்சியாகக் கூண்டில் ஏறும் சானி, பார்வையாளர் வரிசையிலிருக்கும் தன் தந்தையிடம்தான் கேட்கிறான், நான் நல்ல அப்பாவாக இருப்பேனா என்று. முடியாது என்று அடித்துப் பேசுகிறார் தந்தையாக வரும் ஜோசஃப் போலோக்னா. பிறகு மெல்ல இளகுகிறார். சாண்ட்லர் இங்கே ஒரே ஆளாக மகனாகவும் அப்பாவாகவும் நிற்க வேண்டும். நிற்கிறார்.

இத்தனைக்குப் பிறகும் பையன் சானிக்குக் கிடைப்பதில்லை. கெவின்தான் உண்மையான தந்தை. ஜூலியனை அவனிடம் ஒப்படைத்து, பயப்படாதே என்று தைரியம் சொல்லும்போது சாண்ட்லரிடம் அந்தப் பழைய கோணல் குரல் இல்லை.