ரிச்சி தெருவும் யுனிட்டி பிளாசாவும்

“உங்க ஊர்ல இதெல்லாம் கிடைக்குமா சார்?” என்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைத் தம்பி என்னிடம் கேட்டார். வீட்டில் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை மெஷின் என்று சொன்னதும் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. “டிடிஆர் த்ரீயா? அதெல்லாம் இங்க எடைக்குப் போட்டுட்டாங்க சார். புதுசா ஒரு காம்போ போட்டுட்டுப் போங்க.”

தம்பி மரியாதையாகத்தான் பேசினார். விலையும் நியாயமாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த ‘உங்க ஊர்ல’ என்ற சொல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை. கையில் கொஞ்சக் காசு. வீட்டுப் பாவனைக்கும் இடைக்கிடை விளையாடவும் ஒரு கொம்பியூட்டரை மேம்படுத்த வேண்டும். இந்த வேலையை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள், நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தால் என்ன?

முதலில் அவர்களுக்குரியதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துக்குச் சந்து கடைதான். ஒரு திருகாணியிலிருந்து சேர்வர் வரை அங்கே கிடைக்கும். கலியாணச் சேலை எடுக்கப் போன பயணத்தில், வீட்டுப் பெண்கள் தியாகராய நகரில் நின்ற நேரத்தில்தான் அதைச் சுற்றிப் பார்த்தேன். பார்த்த அளவில் மலைப்புத்தான். ஒரு கடையில் கொட்டேஷன் எழுதி வாங்கி, அதை அடுத்த கடையில் காட்டி 200 ரூபாய் குறைத்து, அதைக் கொண்டுபோய் மூன்றாவது கடையில் காட்டுகிறார்கள். கடைக்காரரும் கோபிப்பதில்லை. பொருள்களின் விலையும் எங்களுடையதைவிடக் குறைவு. ஒரு இந்திய ரூபாய்க்கு எங்கள் காசில் மூன்றரை ரூபாய் அளவில் வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு மூன்று சாமானில் கொழும்பு விலை கிட்ட வந்தது, மற்றதிலெல்லாம் சென்னைதான் மலிவு. இதை மறுத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

எங்களுக்கு இருப்பது யுனிட்டி பிளாசா. கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியில், மஜஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில், மாடிக்கு மாடி கொம்பியூட்டர் கடைகள். ரிச்சி தெருவோடு ஒப்பிட்டால் ஒரு கட்டடம்தான். ஆனால் அங்கே பேரம் பேசிக் களைக்க வேண்டியதில்லை. பெரிய கடைகள் எல்லாம் விலைப்பட்டியல் வெளியிடும். புரொசசர், மதர்போர்ட், றாம், விஜிஏ, பவர் சப்ளை என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையும் வொரன்டியும் போட்டிருக்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிற ஒரு பெடியன் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கிழமைக்கணக்கில் கணக்குப் பார்ப்பான். இதை எடுத்தால் அது குறையும், அதை விட்டால் இது சேரும் என்று கூட்டிக் கழித்து, கடைசியில் கடைக்குப் போன் எடுத்து, வங்கியில் காசு போட்டு, சாமானை இரவு பஸ்ஸில் எடுப்பிப்பான். விடிய ஆறு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்று பெட்டியை வாங்குகிற பெடியங்களை நான் கண்டிருக்கிறேன். பலாலியில் விமானம் ஏறினால், கொழும்பு பஸ் வவுனியாவைத் தாண்டுமுன் சென்னையில் இறங்கிவிடலாம். என்றாலும் பெட்டி கொழும்பிலிருந்துதான் வருகிறது. சென்னையில் வாங்குவதன் வொரன்டி பெரும்பாலும் இங்கே செல்லாது.

சொற்களும் ஒத்துவருவதில்லை. நாங்கள் ‘கேசிங்’ என்பதை அவர்கள் ‘கேபினெட்’ என்கிறார்கள். எங்களுக்குப் ‘பவர் சப்ளை’, அவர்களுக்கு ‘எஸ்எம்பிஎஸ்’. எங்களிடம் வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து வருவது ‘ரீகண்டிஷன்’, ஜப்பான் காருக்குச் சொல்வது போலவே. அங்கே அது ‘ரீஃபர்பிஷ்டு’. கிராஃபிக்ஸ் கார்ட்டை நாங்கள் ‘விஜிஏ’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரிச்சி தெருவில் “விஜிஏ இருக்கா?” என்று கேட்டேன். இரண்டு பக்கமும் நீலத் தலை வைத்த மொனிட்டர் கேபிள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்கள். விலை 100 ரூபாய்.

இனி விஷயத்துக்கு வருவோம். அக்காவின் மகன் உயர்தரம் படிக்கிறான். வீட்டில் இருந்தது டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020, மினி டவர், ரீகண்டிஷன். 2013இல் வந்த ஐ5-4570 புரொசசர், 8 ஜிபி றாம், பழைய ஹார்ட் டிஸ்க். அக்கா சீட்டெடுத்த காசில் அவனுக்கு ஒதுக்கியது 60,000 ரூபாய். இந்தியக் காசில் 17,000 சொச்சம். ரிச்சி தெருத் தம்பி எழுதித் தந்த கொட்டேஷன் றைசன் 5 5600ஜி, அதற்கொரு போர்ட், 16 ஜிபி றாம், எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ் என்று போய் அந்தத் தொகையைத் தாண்டிவிட்டது. நல்ல தெரிவுதான். 2021இல் வந்த அந்தச் சில்லுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்ட் வேண்டாம். றாமை இரண்டு துண்டாகப் போட்டால் வலோரன்ட் விளையாட்டு நன்றாகவே ஓடும். சென்னையில் இருக்கிற பிள்ளைக்கு நானும் அதையே சொல்லக்கூடும். ஆனால் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைப் பற்றித் தம்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது எடைக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் நான் காட்டிய கடையில் முதல் கேள்வியே வேறு. “அண்ணை, மெஷினைக் கழட்டிக் காட்டுங்கோ, என்ன கிடக்கெண்டு பாப்பம்.” பார்த்துவிட்டுச் சொன்னார்: “மதர்போர்ட்டில நாலு றாம் சிலொட் கிடக்கு, ரெண்டு வெறுமை. ரெண்டு நாலு ஜிபி போட்டால் பதினாறு. ஹார்ட்டைக் கழட்டாதேங்கோ, படம் பாட்டு கிடக்கட்டும். எஸ்எஸ்டி ஒண்டைப் போட்டு விண்டோசை அதில ஏத்துவம். பிறகு விஜிஏயைப் பாப்பம்.”

அந்த ‘பிறகு’ முக்கியம். எஸ்எஸ்டி போட்ட அன்றே அந்த மெஷின் வேறு மெஷின் ஆகிவிட்டது. அக்காவுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். வங்கி வேலையும் சூம் வகுப்பும் தடக்காமல் நடந்தன. விளையாட்டுக்குத்தான் விஜிஏ, அதில்தான் காசு முடக்கமும் அதிகம். இங்கே பொறியும் உண்டு. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் சுரங்க முறையைக் கைவிட்ட பிறகு, அந்தச் சுரங்க வேலையில் இரவு பகலாக ஓடிக் களைத்த கார்ட்டுகள் எல்லா நாட்டுச் சந்தைகளிலும் வந்து குவிந்தன. ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கண்ணில் படும். அது 185 வாட் கேட்கிற கார்ட். ஒப்டிபிளெக்ஸின் பவர் சப்ளை மொத்தமே 290 வாட். கார்ட்டுக்குக் கொடுக்கத் தனி வயரும் அதில் இல்லை. பவர் சப்ளையை மாற்றவும் இலகுவில்லை; டெல் மதர்போர்ட்டில் பிளக் வேறு, இடையில் ஒரு அடப்டர் வேண்டும். ஆகவே ஜிடிஎக்ஸ் 1650. சிலொட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் ஓடும். அதிலும் ஆறு முள் பிளக் கேட்கிற மொடல்கள் உண்டு, அவற்றை விலக்க வேண்டும். பாவித்த கார்ட் என்பதால் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு வாங்கினோம். 60,000க்குள் எல்லாம் முடிந்து கொஞ்சம் மிச்சமும் வந்தது.

இந்தப் பக்குவம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? தொண்ணூறுகளில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தது. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஒரு சாமான் பழுதானால் எறிவது என்ற எண்ணமே அந்த நாளில் வராது. திருத்துவது, அல்லது கழற்றி இன்னொன்றுக்குப் போடுவது. அந்தத் தலைமுறையின் கைதான் இன்றைக்கும் எங்கள் கடைகளில் திருகாணி பிடிக்கிறது. பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை ஏறியது. காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. புதிது வாங்கலாம் என்று எண்ணியிருந்தவர்களும் பழையதைத் திறந்து பார்த்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு அந்த நெருக்கடி அந்த அளவில் வந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2011 முதல் அங்கே அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி இலவசமாகக் கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் கையிலும் ஒன்று வந்து சேர்ந்தது பெரிய காரியம். எங்களுக்கு அப்படியொன்று நடக்கவில்லையே என்று எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் கிடைப்பது இலகுவாகும்போது கழிப்பதும் இலகுவாகிவிடுகிறது என்பதுதான் என் கட்சி. அங்கேயும் பழையதைப் பேணுகிறவர்கள் இருப்பார்கள். நான் போன சந்தில் அவர்களைக் காணவில்லை.

வொரன்டியில் எங்கள் பக்கம் கொஞ்சம் கூச்சமான ஒரு வழக்கம் இருக்கிறது. பல கடைகளின் பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ‘ஒரு வருடம் என்றால் 350 நாள்’ என்று போட்டிருக்கும். சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். இறக்குமதி செய்தவருக்குப் பழுதைத் திருப்பி அனுப்ப நாள் வேண்டும், அதனால் கடைக்காரர் முன்கூட்டியே கழிக்கிறார் என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. எரிந்த அடையாளம், துரு இருந்தால் வொரன்டி இல்லை என்ற வரி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அங்கே பெரிய கொம்பனிகளுக்குச் சொந்த சேவை நிலையம் பல நகரங்களில் இருக்கிறது. பில்லைக் காட்டினால் போதும். இங்கே கடைக்காரர்தான் எல்லாம். ஆனால் அந்தக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுப்பார், “கேபிளை ஒருக்கால் கழட்டிப் போட்டுப் பாருங்கோ” என்பார். பாதிப் பழுது அதிலேயே தீர்ந்துவிடும்.

மின்சாரம் இரண்டு பக்கமும் 230 வோல்ட். தமிழ்நாட்டில் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது. எங்களுக்கு 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டு. சிறிய யூபிஎஸ் ஒன்றுக்காக சனம் கடை கடையாக அலைந்தது. அங்கிருந்து யூபிஎஸ் கொண்டுவரலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். அவர்களுடையது உருண்டை முள் பிளக், இங்கே புது வீடுகளில் சதுர முள். அடப்டர் வைத்து ஓட்டுவது யூபிஎஸ்ஸுக்கு நல்லதல்ல.

விளையாட்டில் மட்டும் இரண்டு கரைக்கும் பேதமில்லை. 2006இல் வந்த ஈஏ கிரிக்கெட் 07ஐ இன்றைக்கும் புது ஜேர்சி, புது ஆட்டக்காரர் என்று மாற்றி மாற்றி இரண்டு நாட்டிலும் ஆடுகிறார்கள். அதற்கு எந்த விஜிஏயும் வேண்டாம். வலோரன்டுக்கு அவர்களுக்குச் சொந்த நாட்டிலேயே மும்பை சேர்வர். எங்கள் பிள்ளைகள் மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் மாறி மாறி முயன்று, எதில் பிங் குறைவோ அதில் நிற்கிறார்கள்.

எங்கள் முறைக்கும் ஓர் எல்லை உண்டு, அது வந்துவிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏற்காது. அதில் வலோரன்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். நான்காம் தலைமுறை மெஷினில் லினக்ஸ் போட்டு வீட்டு வேலையைக் கொண்டுபோகலாம், மருமகனுக்கு அது போதாது. ஆகவே அடுத்ததாக எட்டாம் தலைமுறை ரீகண்டிஷன் டவர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஜிடிஎக்ஸ் 1650ஐயும் எஸ்எஸ்டியையும் கழற்றி அதில் போடலாம். டிடிஆர்3 றாம் மட்டும் வராது, டிடிஆர்4 வேண்டும். முதல் முறை போட்ட காசில் பெரும்பகுதி இரண்டாவது மெஷினுக்கும் உழைக்கும். பழைய மெஷின் லினக்ஸோடு அக்காவின் தையல் அறைக்குப் போகும். பில் எழுத அவளுக்கு அது தாராளம்.

மலிவில் சென்னை முன்னுக்கு நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் 60,000 ரூபாயோடு ஒருவர் என்னிடம் வந்து எங்கே போகட்டும் என்று கேட்டால், முதலில் மெஷினைத் திறந்து பார்க்கிற கடைக்குப் போகச் சொல்வேன். அப்படியொரு கடை ரிச்சி தெருவிலும் இருக்கக்கூடும். இருந்தால், அதன் முதலாளி எங்கள் பக்கத்து ஆளாக இருப்பாரோ என்றுதான் எனக்கு முதலில் எண்ணம் வரும்.