பேசாத பிள்ளையும் கேப்டன் பதவியும்

கூடைப்பந்தாட்டத்தின் சர்வதேச விதிகளைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்பவர்களுக்கு, அணித்தலைவனுக்கு அவற்றில் எத்துணைச் சொற்பமான அதிகாரம் வழங்கப்பட்டிருக்கிறது என்பது சற்று வியப்பாகவே இருக்கும். டைம்-அவுட் கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கு. யாரைக் களத்தில் இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்ற முடிவும் அவருடையதே. தலைவனுக்கு மிஞ்சுவதெல்லாம், பந்து ஓய்ந்து கடிகாரம் நின்றிருக்கும் வேளையில் நடுவரை அணுகி மரியாதையாக விளக்கம் கேட்கும் சலுகையும், ஆட்ட முடிவை ஆட்சேபிக்க நேர்ந்தால் ஸ்கோர் ஷீட்டில் கையொப்பமிடும் கடமையுமே. பந்து வீசுபவனை மாற்றி, ஆட்களை மைதானத்தில் இடம் பெயர்த்து, ஓவருக்கு ஓவர் கட்டளையிடும் கிரிக்கெட் தலைவனோடு ஒப்பிட்டால் இவன் ஏறக்குறையப் பட்டம் மாத்திரம் உடையவன். ஆகவே, நாலு பேர் முன்னிலையில் வாய் திறக்கக் கூசும் சுபாவமுள்ள ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, ஆட்டத்திலே எவ்வளவு சூரனாயினும் அணிக்குத் தலைவனாக முடியாது என்று நம்மில் அநேகர் கொண்டிருக்கும் அபிப்பிராயத்துக்கு விதிப்புத்தகத்தில் ஆதாரம் எதுவுமில்லை. அந்த அபிப்பிராயம் பிறக்குமிடம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அருகருகே வைத்துப் பார்த்தால், அமைதியான பிள்ளை இரண்டு இடங்களிலும் வெவ்வேறு வாசலில் தடுத்து நிறுத்தப்படுவது தெரியவரும்.

ஆட்டம் பிறந்தது 1891-இல், அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரின் கையால். அதே சங்கத்தைச் சேர்ந்த ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவ, அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் பள்ளிகளில் அமர்ந்ததனால், நம் பக்கத்தில் கூடைப்பந்து ஆசிரியரின் ஆட்டமாகவே வேரூன்றிற்று. இலங்கையிலோ, ஆட்டத்தைத் தாங்கிக்கொண்ட பள்ளி ஏற்பாடு ஆங்கிலேயப் பப்ளிக் ஸ்கூல்களின் சாயலில் அமைந்தது. அங்கே தலைவன் என்பவன் ஆட்டத்தினால் உண்டானவன் என்பதினும் பாடசாலையினால் உண்டாக்கப்பட்டவன் என்பதே பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஒரு பெரிய பாடசாலையில் சில காலம் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை பதின்மூன்றாம் தரம் வரைக்கும் அதே வளவிலே வளர்கிறான். சேர்ந்தவுடனே ஓர் இல்லத்துக்கு உரியவனாகிறான். ஆண்டின் முதல் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது கொடி பிடித்து நடக்கிறான். மேல்வகுப்பு ஏறியதும் மாணவ முதல்வர் பதவிக்கு நேர்முகத்தில் அமர்கிறான். அதிர்ஷ்டமும் நாவன்மையும் கூடினால் சிரேஷ்ட மாணவ முதல்வராகி, அதிபருக்கு அடுத்தபடியான கௌரவத்தோடு உலாவுகிறான். கூடைப்பந்து அணியின் தலைமையும் இந்த ஏணியிலே ஒரு படி. ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைவரும் உப தலைவரும் காலைப் பிரார்த்தனையில் அறிவிக்கப்படுகின்றனர். கல்லூரிச் சஞ்சிகையில் அச்சாகும் புகைப்படத்தில் அதிபருக்கும் பொறுப்பாசிரியருக்கும் நடுவிலே அவர்களுக்கு நாற்காலி. பரிசளிப்பு விழாவில் அதிபரின் அறிக்கையில் அவர்கள் பெயர் வாசிக்கப்படுகிறது. பின்னாளில் கொழும்பிலே ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குப் போனாலும், பாடசாலையில் எந்த அணிக்குத் தலைமை வகித்தீர் என்ற கேள்வி எழுவது அபூர்வமன்று. பழைய மாணவர்கள் மாலைப் பயிற்சிக்கு வந்து நிற்பார்கள். முந்தைய ஆண்டுத் தலைவர் "தம்பி" என்று தோளில் கைபோட்டு, தான் செய்த பிழைகளையெல்லாம் சொல்லிக்கொடுப்பார்.

இதில் மெச்சத்தக்க அம்சம் உப தலைவர் என்ற ஸ்தானம். பல பாடசாலைகளில் இவ்வாண்டின் உப தலைவரே அடுத்த ஆண்டின் தலைவராவது வழக்கமாதலால், ஓர் ஆண்டு முழுவதும் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கும் வாய்ப்பு வாய்க்கிறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த கல்வி வேறில்லை. ஆனால் அந்த ஸ்தானத்துக்கு அவன் வந்து சேரவேண்டுமே! ஏணியின் கீழ்ப்படிகளில் கேட்கப்படும் யோக்கியதைகள், மேடையில் பேசுதல், ஆசிரியர் கண்ணில் படுதல், கனிஷ்ட மாணவரை அதட்டி வரிசையில் நிறுத்துதல் ஆகியவையே. எனவே ஒரே நாலைந்து பிள்ளைகள் எல்லாச் சின்னங்களையும் சட்டையில் குத்திக்கொள்ள, பயிற்சி முடிந்தபின் தனியே நின்று நூறு தடவை கூடைக்கு எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, பத்தாம் தரத்திலேயே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறான்.

தமிழ்நாட்டுக்கு வந்தால் காட்சி அடியோடு மாறிவிடும். குறுவட்டப் போட்டிக்கு நுழைவுப் படிவம் நிரப்பும் நாள் வருகிறது, பி.டி. மாஸ்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "கேப்டன்னு யார் பேரைப்பா போடறது?" என்கிறார், "யாராவது சீனியர் பேரைப் போடுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது, காரியம் முடிந்துவிடுகிறது. குறுவட்டத்தில் ஜெயித்து வருவாய் மாவட்டத்துக்கும் அங்கிருந்து மாநிலத்துக்கும் போகும்போது, பிளஸ் டூ படிப்பவனைப் பெற்றோர் பொதுத் தேர்வுக்காக நிறுத்திக்கொண்டால், கேப்டன் பதவி வேறொருவன் தலையில் விழும். சான்றிதழின் மதிப்போ எந்த மட்டத்துப் போட்டியில் ஆடினான், அணி எந்த இடம் பெற்றது என்பவற்றைப் பொறுத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் தேடும் குடும்பத்துக்குத் தலைமைப் பதவியைப் பற்றிச் சிரத்தை இல்லாதது இயற்கையே. நம் வகுப்பறைகளில் லீடர் என்ற பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் வேலை, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த அலட்சியத்திலே அமைதியான பிள்ளைக்கு ஓர் அநுகூலமும் ஒளிந்திருக்கிறது. மேடைப் பரீட்சை ஏதும் இல்லாததால் அவன் ஆட்டம் ஒன்றே சாட்சி சொல்கிறது. சிற்றூர்க் கோர்ட்டுகளில் மாலையில் வங்கி ஊழியரும் ரயில்வே ஊழியரும் பள்ளிப் பையன்களும் கலந்து ஆடுகையில், பெரியகுளம் போன்ற ஊர்களில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க ஊரே திரளுகையில், நல்ல கை யாருடையது என்பதை மட்டுமே கவனிக்கும் கண்கள் அங்கே உண்டு. விளையாட்டு விடுதியில் சேர்க்கப்படுவதற்கும் நாவன்மை வேண்டியதில்லை. ஆனால் அப்படி வளர்ந்த பிள்ளைக்குக் கேப்டன் என்ற பெயர் கிடைத்தாலும், கோட்டுக்கு வெளியே நின்று நாற்பது நிமிஷமும் கத்திக்கொண்டிருக்கும் பயிற்சியாளரின் குரலே அணியின் ஒரே குரலாக இருப்பதால், பொறுப்பு என்பது என்னவென்று அறியாமலே அவன் பள்ளியை விட்டு வெளியேறுகிறான். இலங்கைப் பிள்ளைக்குத் தலைமை எட்டுவதில்லை. நம் பிள்ளைக்கு எட்டிய பின்பு உள்ளே ஒன்றுமிருப்பதில்லை.

இனி, பேச்சே இல்லாமல் இந்த ஆட்டத்தை நடத்திவிடலாம் என்று நான் சொல்ல வந்ததாக எண்ணிவிட வேண்டாம். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், 24 விநாடிகளுக்குள் எதிரி கூடையை நோக்கி எறிந்தாகவேண்டிய நெருக்கடியில், தன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் எதிராளி தடுப்பாட்டக்காரனுக்குத் தெரிவதில்லை; பின்னாலிருக்கும் சக ஆட்டக்காரன் "ஸ்க்ரீன், லெஃப்ட்" என்று அந்தக் கணத்தில் சொல்லாவிட்டால் அவன் மோதி நிற்பான், எதிரி சுதந்திரமாகக் கூடையருகே போய்விடுவான். "ஹெல்ப்", "ஸ்விட்ச்", "பந்து என்னது" என்னும் இந்த ஒற்றைச் சொற்கள் தவறாமல் எழுந்துகொண்டிருக்கும் அணி, பாதி ஆட்டத்தைத் தடுப்பிலேயே வென்றுவிடும். கவனிக்க வேண்டியது, இந்தப் பேச்சுக்கும் சபையில் பேசும் பேச்சுக்கும் உறவு மிகவும் சொற்பம் என்பது. ஓய்வறையில் வாய் ஓயாத பையன் தடுப்பில் ஊமையாக நிற்பதையும், ஊமை என்று பெயரெடுத்தவன் கண்ணில் பட்டதை உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருப்பதையும் பயிற்சியாளர்கள் அறிவார்கள். அமெரிக்காவின் சான் அன்டோனியோ அணிக்கு 19 பருவங்கள் ஆடி, 1999-க்கும் 2014-க்கும் இடையில் அவ்வணி ஐந்து முறை பட்டம் வென்றபோது அதற்குத் தூணாக நின்ற டிம் டங்கன், ஆரவாரமற்ற சுபாவத்துக்கே பேர்போனவர். ஆயினும் அவ்வணியில் தலைமை எங்கே இருக்கிறது என்று யாரும் தேடியதில்லை.

நம் இரு நாடுகளிலிருந்தும் இருவரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடியது வலைப்பந்தாட்டம். கூடைப்பந்தின் வழியிலே பிறந்து, இலங்கைப் பெண்பிள்ளைகளின் பாடசாலைகளில் பிரதான ஆட்டமாக நிலைத்திருப்பது. 2 மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள அவரைச் சுற்றியே இலங்கை அணியின் வியூகம் அமைந்திருந்தது. 2018-இல் ஆசியப் பட்டத்தை இலங்கை வென்றபோது அணித்தலைவி சதுரங்கி ஜயசூரிய, கோல்களின் சுமையைத் தாங்கியவர் தர்ஜினி. தலைமையின் பட்டமும் ஆட்டத்தின் மையமும் இருவரிடம் பிரிந்திருந்தும் அந்த அணிக்கு ஒரு குறையும் நேரவில்லை. மறுபக்கம், சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை, 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை ஏற்று, நெடுங்காலம் நாட்டுக்காக ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பத்தொன்பது வயது என்பது இலங்கைப் பாடசாலை ஏணியில் ஒருவர் இறுதிப் படியை விட்டு இறங்கும் வயது. ஆட்டத்தைக் கண்டு ஆளை நம்பத் துணிந்தால் அத்தனை இளம் தோளிலும் சுமை நிற்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அமைதியான பிள்ளை தலைவனாகலாமா என்ற கேள்விக்கு, ஆகலாம் என்பதே என் விடை. களத்தில் சொல்லவேண்டிய அந்த ஒற்றைச் சொற்களைச் சொல்லப் பழகியிருந்தால் போதும், அதுவும் பழக்கத்தால் வரக்கூடியதே. இலங்கையின் பொறுப்பாசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, கூடைப்பந்து அணியின் உப தலைவரைத் தெரிவு செய்யும்போது மேடையையும் சின்னங்களையும் மறந்து, தடுப்பாட்டத்தில் யாருடைய குரல் வேளைக்கு எழுகிறது என்பதை மட்டும் செவிகொடுத்துக் கேளுங்கள் என்பது. நம்மூர் பி.டி. மாஸ்டர்களிடம் கேட்டுக்கொள்வது இன்னும் எளிது: கேப்டன், வைஸ் கேப்டன் இருவரின் பெயரையும் நுழைவுப் படிவம் வரும்வரை தள்ளிப்போடாமல் ஜூன் மாதத்திலேயே அறிவித்துவிடுங்கள், பயிற்சி ஆட்டங்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது நீங்கள் வாயை மூடிக்கொண்டு, அந்த இருவரையும் அணியை நடத்த விடுங்கள்.