மறைக்க ஒன்றுமில்லை என்னும் வாதம்: ஒரு திறனாய்வு

கொழும்பின் வடபால், களனி கங்கையை அண்டிக் கிடப்பது கிராண்ட்பாஸ். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய முத்திறத்தாரும் நெருங்கி வாழும் பகுதி அது. அங்கே 'தோட்டம்' என வழங்கும் குடியிருப்புகளில் ஒரு வீட்டின் சுவரே மறுவீட்டுக்கும் சுவராகும். அப்பகுதியின் தேநீர்க் கடையிலோ, கைத்தொலைபேசி திருத்தும் கடையிலோ சிறிதுபோது நிற்பவர் செவியில் மூன்று கருத்துகள் தவறாது விழும். "எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "சும்மா தருகிறார்கள், விபரம் கேட்டால் கொடுத்தால் என்ன?" என்பது மற்றொன்று. "விளையாட்டுத்தானே!" என்பது மூன்றாவது. இவை கிராண்ட்பாசுக்கே உரியன அல்ல. வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும், கற்றோர் கூடும் அவைகளிலுங்கூட ஒலிப்பனவே. எளியோர் பேச்சென இகழ்ந்து ஒதுக்காது, நூலொன்றை ஆராயும் கவனத்துடன் இவற்றை ஆராய்தல் தகும்.

முதற் கருத்தை எடுத்துக்கொள்வோம். மறைவு என்பது குற்றமுடையார்க்கே வேண்டுவது என்னும் எண்ணமே இதன் அடிப்படை. தமிழ் மரபு இதனை ஏற்பதாயில்லை. வாழ்வை அகமென்றும் புறமென்றும் பகுத்த தொல்காப்பியர், அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என விதித்தார். காதல் குற்றமென்று கருதி அவர் பெயரை மறைக்கச் சொன்னாரல்லர். அஃது ஊரறியப் பேசுதற்குரிய பொருளன்று என்பதே அவ்விதியின் உட்கிடை. அவ்வெல்லை கடந்து ஊர்வாயில் விழும் பேச்சினை அலர் என்றனர். வள்ளுவரும் அதற்கெனத் தனியதிகாரம் வகுத்தார்.

இவ்வறிவு தோட்டத்து மக்களிடமும் உண்டு. மெல்லிய சுவரூடே அயல்வீட்டுப் பூசல் கேட்கும்; மறுநாட் காலை குழாயடியில் அவ்வீட்டாளைக் காணும் பெண், எதுவும் கேளாதவள் போலவே பேசுவாள். கேட்டும் கேளாதிருக்கும் அப்பண்பினாலேயே அங்கே பலர் நெருங்கி வாழ்தல் இயல்வதாகிறது. ஆகவே, "மறைக்க எதுவுமில்லை" என்று கடையில் மொழிபவரும் தம் வாழ்வில் அதற்கு மாறாகவே ஒழுகுகின்றனர்.

இனி, கொழும்புத் தமிழர் இக்கருத்தைக் கூறுங்கால் தம் வரலாற்றையே மறந்தவராகின்றனர். வாக்காளர் பட்டியலில் உள்ளவை பெயரும் முகவரியுமே. அவற்றைத் தருவதில் தீங்கு யாதுமில்லை என்றே எவரும் கருதியிருப்பர். ஆயினும், 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது அப்பட்டியல்களைக் கையிற் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றோர் இருந்தனர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர்கள் மறைத்துவைத்த குற்றம் ஒன்றுமில்லை. எவர் எங்கே தங்கினார் என்பது தெரிந்திருந்ததே அவ்விடர்க்கு வழியாயிற்று. ஒரு செய்தி தீங்கற்றதா என்பது, தந்தவனுடைய நேர்மையைப் பொறுத்ததன்று. அதனை வைத்திருப்பவன் யார், காலம் எத்தகையது என்பவற்றையே பொறுத்தது. "மறைக்க ஒன்றுமில்லை" என்பார் இன்றைய தம் நிலையை மட்டும் எண்ணுகின்றனர். நாளை அப்பட்டியல் யார் கையில் இருக்கும் என எண்ணுகின்றிலர்.

இரண்டாவது கருத்து வாணிகம் பற்றியது. இதில் ஓரளவு நியாயமுண்டு. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்திற் பாடம் கொணர்ந்தது கைத்தொலைபேசியே. கனடாவிலுள்ள மகனின் முகத்தைத் தாய்க்கு நாள்தோறும் காட்டுவதும் அதுவே. அப்பயனை மறுப்பது நன்றியின்மையாகும். எனினும், விலையின்றி வருவது விலையற்றதாகாது. ஒற்றாடலைப் பற்றி வள்ளுவர் கூறுவது பொருட்பாலின் அரசியலில்; ஒற்று நாடாளும் வேந்தனின் கருவியாகவே அங்குப் பேசப்படுகிறது. இன்று அக்கருவி வணிகர் கைக்கும் வந்துள்ளது. மேலும், ஒற்றப்படுவோனே காசு கொடுத்து வாங்கி, இரவில் தலைமாட்டில் வைத்துறங்கும் ஒற்றன் முன்னை எந்நாளும் இருந்ததில்லை. நீண்ட உடன்படிக்கையைப் படியாமலே 'சம்மதம்' என்று தொடுவதை உண்மைச் சம்மதமெனக் கொள்ளல் அரிது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் வலுப்பெறவிருந்த அதன் முதன்மைப் பகுதிகளோ பின்தள்ளப்பட்டன. காவல் வருமுன்னரே களஞ்சியம் திறந்து கிடந்தது.

மூன்றாவது கருத்தே மிக நுணுகி நோக்கற்பாலது. கண்ணை முற்றும் மூடும் கருவியொன்றைத் தலையில் அணிந்து, இல்லாத உலகில் உலவும் மெய்ந்நிகர் விளையாட்டு இன்று பரவிவருகிறது. கிராண்ட்பாஸ் இளைஞர் பலர்க்கு அதன் விலை எட்டாதது. எனினும் கொழும்பின் கடைத்தொகுதிகளிற் காசு கொடுத்துச் சில நிமிடம் ஆட வாய்ப்புண்டு. இத்துறையில் முன்னின்ற ஒக்குலஸ் நிறுவனத்தைப் பேஸ்புக் 2014இல் ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2020இல் வந்த அதன் கருவியை இயக்குதற்குப் பேஸ்புக் கணக்கு வேண்டும் என்றிருந்தது. எதிர்ப்பு எழவே 2022இல் அவ்விதி நீக்கப்பட்டு, வேறொரு கணக்கு புகுத்தப்பட்டது. விளையாட்டுப் பொருளுக்கு ஆளின் அடையாளம் எதற்கு என்னும் வினா அதனால் அற்றுப்போகவில்லை.

பாரதக் கதையில் மயன் அமைத்த மண்டபத்தை இங்கு நினைத்தல் பொருந்தும். நீரை நிலமென்றும் நிலத்தை நீரென்றும் மயங்கி இடறினான் துரியோதனன், கண்டோர் நகைத்தனர். அவனை வருத்தியது மாயமன்று. தான் மயங்கியதைப் பிறர் பார்த்திருந்தமையே. அன்று பார்த்தோர் சிலர்; அவரும் கண்முன் நின்றனர். இன்றைய மண்டபமோ ஆடுவோனின் தலையசைவையும் கையசைவையும் அளந்து எழுதவல்லது. 2023இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி ஆய்வாளர் 'பீற் சேபர்' என்னும் விளையாட்டை ஆடிய 55,000க்கும் மேற்பட்டோரின் அசைவுகளை ஆராய்ந்தனர். 100 விநாடி அசைவைக் கொண்டே, 100க்கு 94 என்னும் அளவில் ஆளை இன்னாரென அறிய முடிந்தது. பெயரை மறைத்தாலும் உடல் தன்னைத் தானே உரைத்துவிடுகிறது.

குறிப்பறிதல் என்னும் தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் செய்துள்ளார். பொருட்பாலில் மன்னன் குறிப்பை அமைச்சன் அறிகிறான். காமத்துப்பாலில் காதலர் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிகின்றனர். ஈரிடத்தும் அறிவோன் உறவினாற் கட்டுண்டவன், அறிந்ததற்குப் பொறுப்புடையவன். கருவி குறிப்பறிகையில் அவ்வுறவுமில்லை, அப்பொறுப்புமில்லை. எனவே "விளையாட்டுத்தானே" என்பது ஆடுவோனுக்குப் பொருந்தலாம், அளப்போனுக்குப் பொருந்தாது.

குற்றம் முழுவதையும் கருவிமேற் சுமத்துதலும் நேரிதன்று. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றைப் பிள்ளையின் பெயர், சுட்டெண், நிழற்படம் ஆகியவற்றுடன் உலகறியப் பரப்புவோர் பெற்றோரும் பள்ளிகளுமே. பிள்ளையின் சம்மதத்தை அங்கே கேட்டார் யார்? பிறர் மறைவைப் பேணாதார் தம் மறைவுக்கு வாதாடுதல் வலுவற்றது.

கைத்தொலைபேசியைக் கங்கையில் எறிக என்பது இவ்வாராய்ச்சியின் முடிபன்று. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், எதுவரை வைத்திருப்பார் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுதலே வேண்டுவது. இவ்வினாக்கள் இலக்கணமும் கணக்கும்போல இளமையிலேயே பள்ளியிற் கற்பிக்கப்படல் வேண்டும். குழாயடிப் பெண் கேட்டும் கேளாதிருக்கக் கற்றவள். அக்கல்வியைக் கருவி செய்வோர்க்குப் புகட்டுவது சட்டத்தின் கடன். தம் பிள்ளைகள் மறவாது காப்பது கற்றோர் கடன்.