குறையும் இழிவும்: இத்தாலிய நடைப்பிணப் படங்களின் மலிவுச் சுவை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

1980களின் தொடக்கத்தில் பிரிட்டனின் அரசு வழக்குத்துறை, வழக்குத் தொடரத்தக்க வீடியோ நாடாக்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தது. இத்தாலிய இயக்குநர் லூச்சியோ ஃபுல்சியின் 'ஸோம்பி 2' (1979), 'தி பியாண்ட்' (1981) ஆகிய படங்கள் அதில் இடம்பெற்றன. 1984இல் இயற்றப்பட்ட வீடியோ பதிவுச் சட்டம் அக்காலத்து அச்சத்தின் விளைவாகும். இருபது ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழா இத்தாலிய மலிவுப் படங்களுக்கென்றே ஒரு மீள்பார்வைத் தொகுப்பை நடத்தியது. குவென்டின் டாரன்டினோவும் ஜோ டான்டேயும் அதற்கு ஆதரவாளராக விளங்கினர்.

தண்டிக்கத்தக்கதாகக் கருதப்பட்ட ஒரு படைப்புலகம் போற்றத்தக்கதாக மாறியது ஆய்வுக்குரியதே. ஆயினும் 'குப்பை' என்று கூறி ஒதுக்கியோரும், அதே பெயரைக் கூறி அணைத்துக்கொண்டோரும் இப்படங்களை ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்திப் பார்த்தனரா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இவற்றின் ஈர்ப்பு எத்தகையது, அந்த ஈர்ப்பைக் கொண்டு எவற்றை ஏற்கலாம், எவற்றை ஏற்கலாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றச் சூழல்

மாண்டபின் எழுந்து நடமாடும் உடலே ஸோம்பி எனப்படும் நடைப்பிணம். ஹைட்டி நாட்டார் நம்பிக்கையில் தோன்றிய இவ்வுருவை, மனிதரைத் தின்னும் கூட்டமாக மாற்றியவர் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. அவருடைய 'டான் ஆஃப் தி டெட்' இத்தாலியில் டாரியோ ஆர்ஜென்டோவின் படத்தொகுப்பில், 'ஸோம்பி' என்னும் பெயரில் 1978இல் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டே வெளிவந்த ஃபுல்சியின் படம், கதையளவில் எத்தொடர்பும் இல்லாதிருந்தும், அதன் தொடர்ச்சிபோல் 'ஸோம்பி 2' எனப் பெயர் சூடிக்கொண்டது.

இவ்வழக்கம் இத்தாலியத் திரைத்துறைக்குப் புதிதன்று. வெற்றி பெற்ற ஒரு வகையைப் பின்பற்றிக் குறுகிய காலத்தில் பல படங்களை எடுத்துத் தள்ளுவதை அவர்கள் 'ஃபிலோனே' என்பர். பூமிக்கடியில் செல்லும் கனிமப் படிவையும் அச்சொல் குறிக்கும். தீரும்வரை தோண்டுவது, தீர்ந்தபின் வேறிடம் செல்வது என்பதே அதன் இயல்பு. புராண வீரர் படங்களும் கௌபாய் படங்களும் இவ்வாறே பெருகி ஓய்ந்தவை.

நடைப்பிணப் படங்கள் பெருகிய காலம் இத்தாலியத் திரையரங்குகளின் வீழ்ச்சிக் காலமாகும். 1976ஆம் ஆண்டின் அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பு வட்டாரத் தனியார் தொலைக்காட்சிகளுக்கு வழிதிறந்தது. 1975இல் 500 மில்லியனைத் தாண்டியிருந்த நுழைவுச்சீட்டு விற்பனை, 1985இல் 120 மில்லியன் அளவிற்குச் சுருங்கியது. வீட்டுத் திரையில் காணக்கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில், மிகக் குறைந்த செலவில் காட்டக்கூடியதாக இருந்தது சிதையும் உடலே.

குறையே வடிவமாதல்

இத்தாலியில் அக்காலத்தில் குரல்கள் யாவும் படப்பிடிப்பிற்குப் பின்னரே சேர்க்கப்பட்டன. பன்னாட்டு நடிகர்கள் ஒரே காட்சியில் நடிப்பர். பிறிதொருவர் குரல் அவர்தம் வாயினின்று எழும். வாழ்க்கையை இயல்பாகச் சித்திரிக்க முனையும் படத்தில் இது பெருங்குறையாகும். உயிர் நீங்கிய உடல்கள் உலவும் கதையிலோ, வாயும் குரலும் ஒட்டாமை உயிரோடிருப்போரையும் பாதிப் பிணமாக்கிக் காட்டுகின்றது.

'ஸோம்பி 2' படத்தின் இறுதிக்காட்சி இவ்வகையில் கருதத்தக்கது. நியூயார்க் நகரம் நடைப்பிணங்களிடம் வீழ்ந்துவிட்டதாக வானொலிக் குரல் அலறுகின்றது. புரூக்ளின் பாலத்தின் நடைபாதையில் பிணங்கள் மெல்ல நடக்கின்றன. அவற்றின் கீழே மகிழுந்துகள் வழக்கம்போல் விரைகின்றன. போக்குவரத்தை நிறுத்தும் வசதி படக்குழுவிற்கு இல்லை என்பது வெளிப்படை. எனினும், தன் அழிவு தலைக்குமேல் நடந்துசெல்வதை அறியாத நகரம் என்னும் பொருளை அக்காட்சி தருகின்றது. போதிய பணம் இருந்திருப்பின் இப்பொருள் தோன்றியிராது.

'தி பியாண்ட்' படத்தில் பிணவறைக் கதவில் பிழையான ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு தொங்குகின்றது. உண்மைச் சிலந்திகளுக்கிடையே பொம்மைச் சிலந்திகளும் ஊர்கின்றன. மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கும் இருவர், காரணம் ஏதுமின்றி, தொலைவிலுள்ள விடுதியின் நிலவறையை அடைகின்றனர். அங்கிருந்து ஓர் ஓவியத்தின் பாழ்வெளிக்குள் கண்ணொளி இழந்து நிற்கின்றனர். இங்குக் கதையின் தளர்ச்சியே கதையின் அச்சமாகின்றது.

மெய்ப்பாடுகளின் கலப்பு

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகள் இங்கே துணைபுரிகின்றன. இப்படங்களில் அச்சமும் இளிவரலும் முதன்மை பெறுவது இயல்பே. அவற்றோடு நகையும் மருட்கையும் ஒரே கணத்தில் வந்து கலப்பதுதான் இவற்றின் தனித்தன்மை. நகைக்குரிய நிலைக்களன்களாக அவர் கூறும் எள்ளலும் பேதைமையும் பொம்மைச் சிலந்தியைக் கண்டு எழும் சிரிப்பிற்குப் பொருந்தும். கடலடியில் நடைப்பிணம் ஒன்று உண்மையான சுறாவோடு பொருதும் 'ஸோம்பி 2' காட்சியிலோ எள்ளல் நிலைக்கவில்லை. புதுமையிற் பிறக்கும் மருட்கை அதனை விலக்கிவிடுகின்றது.

அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஸ்கான்ஸ் 1995இல் எழுதிய கட்டுரையில், புறக்கணிக்கப்பட்ட படங்களை விரும்பிக் காணும் சுவைஞர் மரபைப் 'பாராசினிமா' எனப் பெயரிட்டு விளக்கினார். மாயத்தோற்றம் கலையும் இடத்தில் பார்வையாளர் கதையை விட்டுப் படம் உருவான சூழலைப் பார்க்கத் தொடங்குகின்றார் என்பது அவர் கருத்தின் சாரம். இது ஏற்கத்தக்கதே. ஆனால் உருவான சூழலைப் பார்ப்பதாயின், முழுமையாகப் பார்த்தல் வேண்டும்.

ஏற்கலாகாத இடம்

புரூனோ மாட்டேய், வின்சென்ட் டான் என்னும் புனைபெயரில் இயக்கிய 'வைரஸ்' (1980) பாப்புவா நியூகினியில் நிகழ்வதாக அமைந்த கதை. மூன்றாம் உலக மக்கள் ஒருவரையொருவர் தின்று அழிந்தால் மக்கள்தொகை குறையும் எனத் திட்டமிட்ட வேதிப்பொருள் ஆய்வே அதில் பிணங்களை எழுப்புகின்றது. செல்வ நாடுகளின் பசியைக் கண்டிக்கும் கதை என இதனைப் பாராட்ட இடமுண்டு.

படம் உருவான முறை வேறொன்றைக் கூறுகின்றது. ஸ்பெயினில் எடுக்கப்பட்ட இப்படத்திற்கு நியூகினி மண்ணின் தோற்றத்தைத் தருவதற்காக, பார்பே ஷ்ரோடரின் 'லா வாலே' (1972) முதலிய வேற்றுப் படங்களின் பகுதிகள் இடையிடையே ஒட்டப்பட்டன. அவற்றில் காணப்படுவோர் நடிகர் அல்லர். தம் சடங்குகளில் ஈடுபட்டிருந்த உண்மை மக்கள். 1975இல் விடுதலை பெற்ற ஒரு நாட்டின் மக்கள், ஐந்தே ஆண்டுகளில், தாம் அறியாத ஒரு கதையில் பிணந்தின்னிகளின் அண்டை அயலாராகத் திரையேற்றப்பட்டனர். கதை எதனைக் கண்டிக்கின்றதோ அதனையே படம் செய்கின்றது: பிறரை இரையாகக் கொள்கின்றது.

'ஸோம்பி 2' படமும் இக்குற்றத்தினின்று முற்றிலும் நீங்கியதன்று. அதிலும் கரீபியத் தீவு மக்கள் பெரும்பாலும் பின்னணியே. எனினும் அத்தீவில் ஸ்பானிய வெற்றியாளரின் கல்லறைகளிலிருந்து பிணங்கள் எழுவதாகக் காட்டியதன் மூலம், குடியேற்ற வரலாறு இன்னும் புதைபடவில்லை என்பதை அப்படம் உணர்த்திவிடுகின்றது. அது தன் பிணங்களை ஒப்பனையால் தானே செய்துகொண்டது; 'வைரஸ்' போலப் பிறர் வாழ்வை எடுத்து இட்டு நிரப்பவில்லை.

முடிவுரை

இப்படங்களில் இருவகைக் குறைகள் உள. ஒன்று பொருட்குறை, மற்றொன்று மதிப்புக்குறை. பொம்மைச் சிலந்தியும் ஒட்டாத குரலும் நிற்காத போக்குவரத்தும் பொருட்குறையின் விளைவுகள். நேர்த்தியான படங்கள் தரவியலாத சுவையை அவை தருகின்றன. மலிவின் ஈர்ப்பு எனப்படுவது இதுவே. நியூகினி மக்களின் சடங்குகளை வெட்டி ஒட்டியது மதிப்புக்குறையின் விளைவு. அதனால் விளையும் சுவை பிறரது இழப்பில் பெறப்படுவது.

'குப்பை' என்னும் சொல் இவ்விரண்டையும் ஒரே கூடையில் இட்டுவிடுகின்றது. பழித்தோர் அவ்வாறு செய்ததில் வியப்பில்லை. போற்றுவோரும் அவ்வாறே செய்தல் திறனாய்வின் கடமை தவறுதலாகும். விளிம்புநிலைக் கலைகளை வகுப்பறைக்குக் கொண்டுவருவோர், ஒரு படைப்பு எவ்வளவு எளிய கருவிகளால் ஆக்கப்பட்டது என்பதோடு, யாரைக் கருவியாக்கி ஆக்கப்பட்டது என்பதையும் மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும்.